பன்னிரண்டாவது ட்யூப்

தாராவி நைன்ட்டி ஃபீட் ரோட்டில் பொன்செல்வியின் பஞ்சர் கடை முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு, "மிஸ்திரி கிதர் ஹை?" என்று கேட்கிற ஆட்களுக்குக் குறைவே இருந்ததில்லை. முழங்கை வரைக்கும் கறுப்பு அப்பிக்கொண்டு, கையில் லீவரும் சுத்தியலுமாக ஒருத்தி எதிரிலேயே நிற்கிறாள். அது கண்ணில் படாதாம், மெக்கானிக் எங்கே என்று கேள்வி! பொன்செல்வி ஜாக்கியை வைத்துச் சக்கரத்தைக் கழற்றி உள்ளே உருட்டிக்கொண்டு போய்விடுவாள். அதற்குப் பிறகு வண்டிக்காரன் வாயைத் திறந்து என்ன ஆகப்போகிறது?

கடை அவள் அப்பா போட்டது. அவருக்கு இவள் ஒரே மகள். அவர் கண்ணை மூடின மறு வாரம் சொந்தக்காரர்கள் கூடி, கம்ப்ரஸரை யாருக்கு விற்கலாம் என்று காபி குடித்தபடியே பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் இவள் கடையைத் திறந்து ஒரு டெம்போவுக்குப் பஞ்சர் ஒட்டி முடித்திருந்தாள். அது நடந்து இருபத்துமூன்று வருஷம் ஆகிறது. புருஷன் நயினார் தோல் பை தைக்கிற பட்டறையில் ஸ்டோர் பார்க்கிறவர், பரம சாது. இவள் கத்தினால் அவர் காதைக் குடைந்துகொள்வார், அவ்வளவுதான்.

கடை இருந்த இடம் மட்டும் அவளுடையது இல்லை. திருநெல்வேலிப் பக்கத்து ஊர்க்காரர்கள் சேர்ந்து வைத்திருக்கும் சங்கத்துக் கட்டடம் ஒன்று அங்கே இருக்கிறது. அதன் வெளிச்சுவரை ஒட்டின எட்டடி இடம் அது. ஒவ்வொரு ஜூன் மாதமும் சங்கச் செயலாளர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த ஒரு வருஷத்துக்குக் கடை. செயலாளர் இசக்கிராஜ் அண்ணாச்சி, மளிகைக்கடைக்காரர். மைக்கைப் பிடித்தால் லேசில் விட மாட்டார்.

மே மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை சங்கத்து ஆட்கள் பஸ் பிடித்துக் கர்ஜத் பக்கம் உல்லாஸ் நதிக்குப் போவது பழக்கம். மேலே அணைத் தண்ணீர் திறப்பதால் கோடையிலும் அங்கே ஆறு ஓடும். ஆம்பளைகள் லாரி ட்யூபில் உட்கார்ந்து இரண்டு கிலோமீட்டர் மிதந்துபோய்ப் பாலத்தடியில் கரையேறுவார்கள். பொம்பளைகள் கரையில் கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டி, மட்டன் குழம்பு வைத்து, ஆம்பளைகள் பசியோடு வந்ததும் பரிமாறி, மிஞ்சினதைச் சாப்பிட்டுப் பாத்திரம் கழுவிப் பஸ் ஏறுவார்கள். இதற்குப் பெயர் குடும்ப பிக்னிக். தாராவியில் செய்கிற வேலையைப் பஸ் ஏறிப் போய் வெயிலில் செய்வதற்கு ஒரு பெயர் வேண்டுமே!

ட்யூப் பன்னிரண்டும் பொன்செல்வியுடையவை. குர்லாவில் பழைய டயர் வியாபாரம் செய்கிற அப்துல் வாஹித் பாயிடம் பொறுக்கி எடுப்பாள். காற்றடித்துத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிற இடத்தைப் பார்ப்பாள். அந்த இடத்தை உரசிச் சொல்யூஷன் தடவி ஒட்டுப் போட்டு, ஒரு நாள் தொங்கவிட்டு மறுபடியும் சோதிப்பாள். லாரி ட்யூபின் வால்வு விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும், மிதக்கிறவன் தொடையைக் கிழித்துவிடும். அதற்காகப் பழைய சைக்கிள் ட்யூபை நாடாவாக வெட்டி ஒவ்வொரு வால்விலும் சுற்றுவாள். இப்படிப் பதினொரு வருஷம். சங்கத்து ஆம்பளைகளின் தொடைக்காக ஒருத்தி இத்தனை மெனக்கெட்டிருக்கிறாளே, ஒருத்தனாவது "நீயும் ஒரு தடவை ஏறிப் பாரேன்" என்று சொன்னானா? கிடையாது.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் பஸ் திரும்பும்போது இசக்கிராஜ் மைக்கில் நன்றி சொன்னார். டிரைவருக்கு நன்றி, அண்டா கொடுத்தவருக்கு நன்றி, மைக் செட்டுக்கு நன்றி. கடைசியில், "பொன்செல்வி, அடுத்த வருசம் அந்த வால்வுல இன்னும் ரெண்டு சுத்து சேத்துச் சுத்து, என்ன? எனக்குக் கீறிட்டு" என்றார். பஸ்ஸே சிரித்தது. பொன்செல்வி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அடுத்த வருஷம் ஆற்றில் இறங்கியே தீர்வது என்று பத்லாபூர் தாண்டுவதற்குள் முடிவு கட்டிவிட்டாள்.

அதனால் போன வருஷம் மே மாதம் நடந்தது திடீர்க் கோபம் என்று யாரும் நினைக்க வேண்டாம். புடவைக்குள்ளே நயினாரின் ட்ராக் பேன்ட்டைப் போட்டுக்கொண்டுதான் அவள் பஸ்ஸே ஏறினாள். வழக்கமாகப் பதினொரு பேர் மிதப்பார்கள், பன்னிரண்டாவது ட்யூப் உபரி. கரையில் பதினொன்றுக்கும் அவள் காலால் மிதிக்கிற பம்பில் காற்றடித்துக் கொடுத்தாள். பிறகு பன்னிரண்டாவதுக்கும் அடித்தாள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பொம்பளைகள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

கரையை வாடகைக்கு விட்ட பண்ணைக்காரன் கொடுத்த லைஃப் ஜாக்கெட்டுகள் ஒரு குவியலாகக் கிடந்தன. எங்களுக்கா நீச்சல் தெரியாது என்று ஆம்பளைகள் ஒதுக்கிப் போட்டவை. பொன்செல்விக்கு நீச்சல் தெரியாது. ஒன்றை எடுத்து மாட்டிப் பட்டையை இறுக்கினாள். புடவையைத் தூக்கிச் செருகினாள்.

தண்ணீரில் ஏற்கெனவே ட்யூபில் உட்கார்ந்திருந்த இசக்கிராஜ் பார்த்துவிட்டார்.

"ஏட்டி பொன்செல்வி, எங்க போற?"

"ஆத்துக்கு, அண்ணாச்சி."

"தண்ணி வேணும்னா பயலுவட்ட சொல்லு, மொண்டு தருவானுவ."

"மொண்டு தர்ற தண்ணி வேண்டாம். ஓடுற தண்ணிதான் வேணும்."

இசக்கிராஜ் எழுந்து நின்றார். "வெளையாடுதியா? பொம்பளையாளு ட்யூப்ல கால நீட்டிக்கிட்டுப் போனா எவனாவது வீடியோ எடுத்துப் போட்டுருவான். காலிபீலி லஃப்டா, வீண் வம்பு வேண்டாம். சங்கத்துக்குன்னு ஒரு மானம் மரியாத இருக்கு."

"என் ட்யூபு, என் காலு. இதுல சங்கம் எங்க வந்துச்சி?"

"வே நயினாரு! உம்ம வீட்டம்மாவக் கொஞ்சம் அடக்கி வையும்வே!"

நயினார் வாயில் இருந்த பஜ்ஜியை விழுங்கினார். "நீங்களே சொல்லிப் பாருங்க அண்ணாச்சி. எனக்கு அவகிட்டப் பயம்" என்றார்.

அடுப்படியில் பொம்பளைகள் குபீரென்று சிரித்துவிட்டார்கள். இசக்கிராஜின் வீட்டுக்காரி பிச்சம்மாளும் சிரித்தாள். அதுதான் வினையாகப் போயிற்று. மனிதருக்கு முகம் சிவந்துவிட்டது.

"இந்தா பாரு. அந்த ட்யூப்ல ஏறுன, ஜூன்ல என் கையெழுத்து கெடையாது. கடைச் சாவியக் கொண்டாந்து வச்சிட்டு வேற எடம் பாத்துக்கோ. எல்லாரும் கேட்டுக்கிடுங்க!"

எல்லாரும் கேட்டார்கள்.

பொன்செல்வியின் அப்பா முப்பது வருஷம் உட்கார்ந்த இடம். அந்த எட்டடியை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. அண்ணாச்சி சொன்னால் செய்கிற ஆள் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். பயந்தாள். ஆனால் அவர் கால் மாற்றி நின்றபோது, அவர் ட்யூபில் வால்வைச் சுற்றி அவள் இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றிக் கொடுத்திருந்த நாடா பளிச்சென்று தெரிந்தது. அதைப் பார்த்ததும் பயமெல்லாம் எங்கே போனதோ!

"ஜூன் வரட்டும் அண்ணாச்சி. இப்ப மே" என்றாள். ட்யூபைத் தண்ணீரில் போட்டு அதன் மேல் தொப்பென்று உட்கார்ந்தாள்.

முதல் நிமிஷம் பெரிய அவஸ்தை. மேலே ரப்பர் கொதிக்கிறது, கீழே தண்ணீர் பனிக்கட்டி. ட்யூப் அவளைச் சுழற்றிவிட்டது. பன்னிரண்டாவது ட்யூபின் வால்வுக்கு மட்டும் நாடா சுற்ற நேரமில்லாமல் போயிருந்தது, அது தொடையில் சுருக்கென்று குத்தியது. "அட சவத்த மூதி!" என்று வாய்விட்டுத் திட்டினாள். திட்டினதும் சிரிப்பு வந்தது. அண்ணாச்சி சொன்னது பொய்யில்லை, நிஜமாகவே கீறுகிறது!

வளைவில் ஆறு சரிந்து பாறைகளுக்கு நடுவே இறங்கியது. ட்யூப் பாறையில் மோதிப் பின்பக்கமாகத் திரும்பி, எங்கே போகிறோம் என்று தெரியாமலே போனது. வாய்க்குள் தண்ணீர். செத்தோம் என்றுதான் நினைத்தாள். இரண்டு கையாலும் ட்யூபைக் கட்டிக்கொண்டு, "ஐயோ அம்மா, ஐயோ அம்மா" என்று கத்தினாள். சட்டென்று ஆறு அகலமாகி அமைதியானது. உயிரோடுதான் இருந்தாள். இதயம் கம்ப்ரஸர் மாதிரி அடித்துக்கொண்டிருந்தது.

கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒருத்தி, புடவையும் லைஃப் ஜாக்கெட்டுமாக வருகிறவளைப் பார்த்து வாயைப் பிளந்தாள். "மாவ்ஷி, குடே சாலலிஸ்?" எங்கே போகிறாய் என்று மராத்தியில் கேட்டாள்.

"ஐஸேஹி!" என்று பொன்செல்வி கத்தினாள். சும்மாதான். அவள் ஆயுசில் எங்காவது சும்மா போனதுண்டா? ரேஷனுக்குப் போவாள், டயர் எடுக்கப் போவாள், ஆஸ்பத்திரிக்குப் போவாள். காரியமில்லாமல் ஒரு அடி வைத்ததில்லை. கையை விட்டாள், காலை நீட்டினாள், தலையைச் சாய்த்து ரப்பரில் வைத்தாள். ஒரு கிலோமீட்டருக்கு யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. சந்தோஷத்தில் அழுகை வந்தது, அழுதாள்.

பாலத்தடியில் நயினார் நின்றார். கரையோரமாகவே முள்ளிலும் கல்லிலும் ஓடி வந்திருக்கிறார். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க, கையில் அவளுடைய செருப்பு.

"பயமா இருந்துச்சா?"

"உசுரே போயிட்டு."

"மறுபடி போவியா?"

"இப்ப விட்டா இப்பவே போவேன்."

அன்று மத்தியானம் ஆம்பளைகள் அவளோடு பேசவில்லை. பந்தி முடிந்து பொம்பளைகள் உட்கார்ந்தபோது பிச்சம்மாள் அவள் தட்டில் எலும்புத் துண்டாகப் பார்த்துப் போட்டாள். குனிந்தவாக்கில், "தண்ணி ரொம்பக் குளுருமா பொன்செல்வி?" என்று மட்டும் கேட்டாள்.

"மொதல்ல குளுரும் மைனி. பொறவு எந்திரிக்க மனசு வராது."

ஜூன் வந்தது. இசக்கிராஜ் சொன்னதைச் செய்தார். கமிட்டியில் ஒருத்தர் தயங்கி, "மன்னிப்புக் கேட்டா விட்டுரலாமே" என்று இழுத்தாராம். ஆள் அனுப்பினார்கள். "நான் எதுக்குக் கேக்கணும்? ஆறு உங்க சங்கத்துக்காடே சொந்தம்?" என்று திருப்பி அனுப்பினாள். அன்று சாயங்காலமே கம்ப்ரஸரையும் தொட்டியையும் ஜாக்கியையும் டெம்போவில் ஏற்றினாள். சாவியைச் சங்கத்து மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்தபோது தெருவே வேடிக்கை பார்த்தது. டெம்போ சயான் தாண்டுகிறவரை தேம்பித் தேம்பி அழுதாள். வருத்தம் பாதி, ஆத்திரம் பாதி. ஏறியது தப்பு என்று மட்டும் ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை.

குர்லாவில் அப்துல் வாஹித் பாய் தன் டயர் ஷெட்டின் முன்பாதியைக் காட்டி, "யே ஆதா தும்ஹாரா, பெஹன்" என்றார். பாதி உனக்கு என்று அவர் சொன்னதோடு பேச்சு முடிந்தது. லாரிகள் வந்து நிற்கிற இடம். மூன்று மாதம் ஈ ஓட்டினாள். தீபாவளிக்குள் தாராவி டெம்போக்காரர்களே தேடிக்கொண்டு வர ஆரம்பித்துவிட்டார்கள். பஞ்சர் ஒட்டுகிறவளுக்கு ஒரு தொட்டித் தண்ணீரும் கொஞ்சம் காற்றும் இருந்தால் போதும். அதற்கு எந்தச் செயலாளரும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

இந்த வருஷம் மே முதல் வாரம் ஒரு ஆட்டோ வந்து ஷெட் முன்னால் நின்றது. இசக்கிராஜ் இறங்கினார். வேர்த்துக் கொட்டியது. வேறு எங்கெங்கோ அலைந்து, நாலு ட்யூப் வாங்கி, நாலும் காற்றுப் போய், கடைசியில் இங்கே வந்திருக்கிறார்.

"என்ன பொன்செல்வி, சொகமா? யாவாரம் எப்படி?"

"நல்லா இருக்கு அண்ணாச்சி. உக்காருங்க." அவள் ஒரு லாரிச் சக்கரத்தை மாட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அடுத்த ஞாயித்துக்கெழம ஆத்துக்குப் போறோம்லா. அந்தப் பன்னெண்டு ட்யூபும் வேணும். பழசயெல்லாம் மனசுல வச்சிக்கிடாத. ஏதோ கோவத்துல ஒரு வார்த்த சொல்லிட்டேன்."

"ட்யூப் இல்லியே."

"உள்ள தொங்குதே, எனக்கென்ன கண்ணு தெரியாதா?"

"அதெல்லாம் புக்கிங். அதே ஞாயித்துக்கெழம. இருவத்திரெண்டு பேரு, பஸ்ஸும் பேசியாச்சு. இன்னும் பத்து ட்யூபு பாய் எடுத்துத் தாரேன்னுருக்காரு."

"எந்த கோஷ்டி? ஆபீஸ்காரங்களா?"

"நம்மூரு ஆளுவதான்."

"நம்மூரு ஆளுவளா? எனக்குத் தெரியாம எவன் பஸ் பேசுனான்?" குரல் உயர்ந்தது.

பொன்செல்வி கடைசி நட்டை முறுக்கி முடித்தாள். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு அவரை நேராகப் பார்த்தாள்.

"எவனும் பேசல அண்ணாச்சி. வீட்டுக்குப் போயி மைனிகிட்ட கேளுங்க. அன்னைக்கு மத்தியானச் சோத்துக்கு மட்டும் நீங்களே ஏதாவது பாத்துக்கிடுங்க."