தப்பு டீச்சர்

எங்கள் பள்ளி வேதியியல் டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ‘தப்பு டீச்சர்’. பொருத்தமான பெயர்தான். ஒவ்வொரு வகுப்பிலும் கரும்பலகையில் வேண்டுமென்றே ஒரு தப்பு எழுதுவார். எங்கே என்று சொல்ல மாட்டார். யாராவது கண்டுபிடித்து வாயைத் திறக்கும்வரை ஒன்றும் தெரியாதவர் மாதிரி சாக்பீஸைத் தட்டிக்கொண்டு நிற்பார். பத்தொன்பது வருஷமாக அவருடைய ஆய்வகத்தில் குடுவை கழுவுகிற உதவியாளன் நான். பிள்ளைகளுக்கு லேப் அண்ணன். எனக்கும் கொஞ்சம் கெமிஸ்ட்ரி தெரியும். தெரிந்தது கொஞ்சம், அலட்டல் அதிகம் என்பாள் என் மனைவி. அவள் கிடக்கிறாள்.

இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்றால், டீச்சர் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் நிஜமாகவே ஒரு சமன்பாட்டைத் தப்பாக எழுதிவிட்டார். தேர்வுத்தாளைத் திருத்தும்போதுதான் தெரிந்தது. நாற்பத்திரண்டு தாளிலும் அதே தப்பு, அச்சுப் பிசகாமல். அன்று ராத்திரி அவருக்குத் தூக்கமே வரவில்லையாம். மறுநாளிலிருந்து தப்பை அவரே விதைக்க ஆரம்பித்துவிட்டார். ஒருமுறை வீட்டில் காபியில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட, கடிகாரம் பழுதுபார்க்கிற அவர் கணவர் ஒரு வாய் குடித்துவிட்டு, “கண்டுபிடிச்சிட்டேன்” என்று கையைத் தூக்கினாராம். பாவம், அது தெரியாமல் நடந்த தப்பு.

பெற்றோர் சும்மா இருப்பார்களா? டீச்சருக்கே பாடம் தெரியவில்லை என்று புகார்மேல் புகார். அந்த நேரம் பார்த்து, சிறந்த வேதியியல் ஆசிரியர் விருதுக்கு அவர் பெயரை யாரோ பழைய மாணவன் எழுதிப் போட்டுவிட்டான். நடுவர் ஒருவர் வந்து ஒரு வகுப்பைப் பார்ப்பார் என்று கடிதம் வந்தது. தலைமையாசிரியர் டீச்சரைக் கூப்பிட்டுக் கறாராகச் சொல்லிவிட்டார்: “விருது வந்தா உங்க இஷ்டப்படி நடத்துங்க. வரலைன்னா அடுத்த மாசத்துலேருந்து கைடுல இருக்கிறதை அப்படியே வாசிச்சாப் போதும்.”

டீச்சர் முகம் தொங்கிப்போனது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நடுவர் வருகிற அன்று, மணி அடிக்குமுன்னே வகுப்புக்குள் நுழைந்தேன். இன்றைக்கு டீச்சர் என்ன எழுதினாலும் எவனும் வாயைத் திறக்கக் கூடாது, வெளியாள் முன்னால் அவர் மானத்தை வாங்கிவிடாதீர்கள் என்று மிரட்டிவிட்டு வந்தேன். பெரிய ராஜதந்திரி என்று நினைப்பு எனக்கு.

நடுவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். கடைசி பெஞ்சில், ‘வாயாடி’ என்று பேர் வாங்கிய பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். டீச்சர் துத்தநாகமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேருகிற சமன்பாட்டை எழுதினார். அமிலத்துக்கு முன்னால் வர வேண்டிய ‘2’ இல்லை. சாக்பீஸைத் தட்டினார். சத்தமே இல்லை. மின்விசிறி மட்டும் கடகடத்தது.

இதையாவது பிடிப்பார்கள் என்று, வெளிவருகிற வாயு ஆக்சிஜன் என்றார் டீச்சர். நாற்பது பேரும் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். நடுவருடைய பேனா விறுவிறுவென்று ஓடியது. வாசலில் நின்று நான் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அமிலத்தில் முக்கினால் நீல லிட்மஸ் நீலமாகவே இருக்கும் என்று அடுத்த குண்டைப் போட்டார். வாயாடி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். தப்பு வேண்டுமென்றே எழுதியது என்று டீச்சர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, பிள்ளைகள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அடப்பாவி, கெடுத்துவிட்டாயே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

அப்போது வாயாடி தன் நோட்டை நடுவர் பக்கம் நகர்த்தினாள். சமன்பாடு, வாயு, லிட்மஸ் எல்லாம் அதில் சரியாக இருந்தன. ஓரத்தில் அவள் எழுதியிருந்ததைப் பிற்பாடு நானே பார்த்தேன்: ‘இன்னைக்கு மூணு தப்பு. பேசக்கூடாதுன்னு லேப் அண்ணன் சொல்லிருக்காரு.’ அதோடு விட்டாளா? நடுவருடைய தாளை எட்டிப் பார்த்து, பென்சிலால் அதில் ஒரு ‘2’ போட்டுவிட்டாள். மனுஷர் பலகையில் இருந்ததை அப்படியே ஈயடிச்சான் காப்பி அடித்திருக்கிறார்.

அவர் எழுந்து பெஞ்சு பெஞ்சாக நோட்டுகளைப் பார்த்தார். எல்லாவற்றிலும் சரியான விடை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“டீச்சர், அந்த ரெண்டை இவங்க யாரும் விடலை. நான்தான் கோட்டை விட்டுட்டேன்,” என்றார். பிறகு, “யாருங்க இங்க லேப் அண்ணன்?” என்று கேட்டார். நாற்பது தலையும் என் பக்கம் திரும்பின. துரோகிகள்.

விருது வந்தது. தலைமையாசிரியர், தனக்கு அப்போதே தெரியும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். சான்றிதழை மாட்ட ஆய்வகச் சுவரில் ஆணி அடித்துக்கொண்டே நானும் என் பங்குக்குப் பீற்றினேன். நான் அன்றைக்கு அவர்கள் வாயை மூடச் சொல்லவில்லை என்றால் நோட்டில் எழுதியிருப்பார்களா, நடுவர்தான் பார்த்திருப்பாரா என்று கேட்டேன்.

டீச்சர் கோபப்படவில்லை. ஏணியைப் பிடித்தபடியே சொன்னார்: “அவங்க வாயைத் திறக்க எனக்கு ஒரு வருஷம் ஆச்சு, அண்ணா. மூட உங்களுக்கு அஞ்சு நிமிஷம் போதுமா இருந்துச்சு.”