ஒரு நாளும் விடுப்பெடுக்காத பிள்ளை

சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் இரைந்து கொட்டியது. முதலில் சங்கிலியை இழுக்கும் கிறீச் சத்தம். அடுத்து தொட்டியே கவிழ்ந்ததுபோல ஓர் இரைச்சல். கடைசியில் குழாய்க்குள் களகளவென்று இறங்கி அடங்கும் ஓசை. தலைமையாசிரியை அறையில் கூடியிருந்த அத்தனை பேர் காதிலும் அது விழுந்தது.

"பொண்ணுங்க பாத்ரூமுக்குத் தண்ணி ஏறறதில்லம்மா, அதான் பூட்டி வெச்சிருக்கோம்" என்று அந்த நொடியில்தான் பள்ளியின் பெற்றோர் குழுத் தலைவர் பெருமாள்சாமி சொல்லி முடித்திருந்தார்.

யாரும் சிரிக்கவில்லை. அறை மூலையிலிருந்த கதவு திறந்தது. ஓர் ஆசிரியை ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வெளியே வந்து, யாரையும் பார்க்காமல் கடந்து போனார். அந்தக் கதவு சாத்திக்கொள்வதற்குள் தனக்கோடி உள்ளே பார்த்துவிட்டாள். வெள்ளை டைல்ஸ். புது வாளி. எதிர்ப்பக்கம் இன்னொரு கதவு, அதன்மேல் சாய்த்து வைத்த துடைப்பங்கள். விளையாட்டு மைதானத்திலிருந்து பார்த்தால் பெரிய பூட்டு தொங்குமே, அதே கதவுதான்.

"பொம்பளப் புள்ளைங்களுக்குன்னு கட்டுனது இதானே மேடம்?" என்றாள்.

தலைமையாசிரியை டோரதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுபது பொண்ணுங்க. உள்ள வுட்டா ரெண்டே நாள்ல கலீஜ் பண்ணிடுவாங்க. யாரு கழுவறது? நீ வந்து கழுவுறியா?"

"கழுவறேன் மேடம். சாவியைக் குடுங்க."

"மெம்பரம்மா ரொம்ப ரோசக்காரி" என்றார் பெருமாள்சாமி. இப்போது எல்லாரும் சிரித்தார்கள். பேச்சு குடியரசு தினக் கொடிக்கம்பத்துக்குப் போய்விட்டது.

தனக்கோடி மெம்பரான கதையே ஒரு கூத்து. முந்தின வருடம் ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் பெற்றோர்களைக் கொண்டு ஒரு குழு அமைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. பள்ளி நன்றாக நடக்கிறதா என்று பெற்றோரே பார்த்துக் கேட்க வேண்டும், அதற்குத்தான் குழு. பிள்ளை அங்கே படித்தால்தான் உறுப்பினர். பிள்ளை போனால் பதவியும் போகும். பெண்களும் இருந்தாக வேண்டும் என்றதால், பள்ளி வாசலில் நின்ற தாய்மார்களைப் பார்த்து, "கையெழுத்துப் போடத் தெரிஞ்சவங்க யாரு?" என்று கேட்டார் டோரதி டீச்சர். தனக்கோடி கையைத் தூக்கினாள். அவ்வளவுதான் தேர்தல்.

ஆனால் அந்த ஏழை மனசு எப்படிப் பூரித்தது தெரியுமா? நீலசந்திராவில் ஒற்றை அறை வீடு. கணவன் ரவிக்குமார் அடுக்குமாடிக் கட்டடங்களில் டைல்ஸ் ஒட்டுகிறவன். வேலை இருக்கிற இடத்தில் வாரக்கணக்கில் தங்கிவிடுவான். அவள் விடியற்காலையில் கம்பெனி வேன் ஏறி பொம்மசந்திரா போய், ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சட்டைகளைச் சோதிக்கும் வேலை செய்கிறாள். தையல் பிசகிய இடத்தில் ஒரு சின்ன அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். அப்படிப்பட்டவளைத் தெருவே "மெம்பர்" என்று கூப்பிட்டபோது, இருக்கிற இரண்டு நல்ல சேலையில் ஒன்றைக் கூட்டத்துக்கென்றே ஒதுக்கி வைத்தாள்.

முதல் கூட்டத்தில் அவளிடம் டீ ஊற்றச் சொன்னார்கள். ஊற்றினாள். இரண்டாவது கூட்டத்திலும் சொன்னார்கள். மூன்றாவது கூட்டத்தில் யாரும் சொல்லவில்லை. அவளே எழுந்து போய்க் கெட்டிலை எடுத்தாள். அதை நினைத்தால் இப்போது அவளுக்கு உடம்பு கூசியது.

கூட்டம் முடிகிற நேரத்தில் நடவடிக்கை நோட்டு அவளிடம் வந்தது. "மாணவியர் கழிவறை நல்ல நிலையில் உள்ளது. மாணவியர் தினமும் பயன்படுத்துகின்றனர்." கீழே, பெண் உறுப்பினர் கையெழுத்து என்று இடம் விட்டிருந்தது. திங்கட்கிழமை கல்வி அதிகாரி பார்வையிட வருகிறார், அதற்காக.

"வூட்ல கேட்டுட்டுப் போடறேன்" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள். பொய்தான். பின், "என் பொண்ணு வருகை கம்மியா இருக்குன்னு சொல்லி அனுப்பினீங்களே மேடம், அந்த ரெஜிஸ்டரைப் பாக்கலாமா?" என்று கேட்டாள்.

டோரதி டீச்சர் ஏழாம் வகுப்பு வருகைப் பதிவேட்டை மேசைமேல் தள்ளிவிட்டார்.

பெண் பிள்ளைகள் வரிசையில் இளவேனில் பெயருக்கு நேரே, வராத நாளுக்கெல்லாம் சிவப்பு வட்டங்கள். மாதத்துக்கு நான்கு, ஐந்து. ஒவ்வொரு வட்டத்தின் கதையும் தாய்க்குத் தெரியும். மகள் காலையில் ஒரு வாய் காப்பியோடு கிளம்புவாள். சாயங்காலம் நாலரை மணி வரை ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டாள். குடித்தால் எங்கே போவது? நீர்க்கடுப்பில் சுருண்டு படுத்தவளை இரண்டு முறை டாக்டரிடம் தூக்கிப் போனாள். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார் டாக்டர். வயசுக்கு வந்த பிறகு மாதத்தில் அந்த நாட்களில் அவள் பள்ளிக்கூடப் பக்கமே போவதில்லை. கூடப் படித்த இரண்டு பெண்கள் ஏற்கெனவே நின்று, ஊதுபத்தி உருட்டப் போய்விட்டார்கள். இன்னும் நாலு வட்டம் விழுந்தால் ஏழாம் வகுப்புப் பரீட்சை எழுத விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார் டீச்சர். அப்புறம் இளவேனிலுக்கும் ஊதுபத்திதான்.

பக்கத்தை மூடப் போனவளின் விரல் ஆண் பிள்ளைகள் வரிசையின் கடைசியில் நின்றது. யுவன். தகப்பனார் பெயர் பெருமாள்சாமி. பள்ளி திறந்த நாளிலிருந்து ஒரு வட்டம்கூட இல்லை. காய்ச்சல், தலைவலி, மாமன் வீட்டுக் கல்யாணம் எதுவும் அந்தப் பிள்ளையைத் தொடவில்லை.

யுவனை அவளுக்குத் தெரியும். தெருமுனையில் டை கட்டி, கறுப்பு ஷூ போட்டு, கான்வென்ட் வேனுக்கு நிற்கிற பையன்.

வீட்டுக்கு வந்து மகளைக் கேட்டாள். "உங்க கிளாஸ்ல யுவன்னு யாராச்சும் இருக்கானாடி?"

"யுவனா? அப்படி யாரும் இல்லியேம்மா."

"டீச்சர் பேர் கூப்பிடும்போது கேட்டதில்லையா?"

"யாரு கூப்பிடறா? ஒரு வாட்டி பாத்துட்டு அவங்களே டிக் போட்டுக்குவாங்க."

பதிவேட்டில் பிள்ளை பேர் இருந்தால்தானே குழுவில் இருக்க முடியும். வராத பிள்ளையை ஒரு பேனா நூறு நாளும் பெஞ்சில் உட்கார வைக்கிறது. நிஜமாக உட்கார வருகிற பிள்ளைக்கு ஒண்ணுக்குப் போக இடமில்லை. தன் ரத்தத்தைப் பத்திரமாகக் கான்வென்டில் சேர்த்துவிட்டு, ஊரார் பிள்ளைகளின் கழிவறைக்குப் பூட்டுப் போட இந்த மனுஷன் தலைவர். எதற்கு? அடுத்த தேர்தலில் மாநகராட்சிக் கார்ப்பரேட்டர் சீட் கேட்கும்போது, பள்ளிக்கூடத் தலைவர் என்று போஸ்டரில் போட்டுக்கொள்ளத்தான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாசலில் குரல் கேட்டது. "இன்னா தனக்கோடி, வூட்ல இருக்கியா?"

பெருமாள்சாமி. ஒரு கையில் இனிப்புப் பெட்டி, அக்குளில் நடவடிக்கை நோட்டு.

"வாங்கண்ணே."

நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். மூட்டை கட்டி வைத்திருந்த துணி, சுவரில் ஈரம் ஏறிய கறை, சமையல் இடத்தை மறைத்த திரை எல்லாவற்றையும் ஒருமுறை அளந்தார். "ரெஜிஸ்டர்ல என் பையன் பேர்மேல வெரல் வெச்சியாமே. டீச்சர் சொன்னாங்க."

"கண்ணுல பட்டுச்சுண்ணே."

"பட்டா பட்டும். நீ வெளியாளா? சும்மனே எதுக்கு பேஜாரு?" குரலைத் தாழ்த்தினார். "உம் பொண்ணையும் யுவன் படிக்கிற கான்வென்ட்ல சேத்துடறேன். ஃபாதர் எனக்கு வேண்டியவரு. ஃபீசு நான் பாத்துக்கறேன். பேரு மட்டும் இங்க இருக்கட்டும். நீயும் மெம்பரா இரு. யாருக்கும் நஷ்டமில்ல. நாளைக்கு ஆபீசர் வர்றாரு, இதுல ஒரு கையெழுத்து. அவ்ளோதான்."

திரை விலகியது. இளவேனில் அங்கேதான் நின்றிருந்தாள், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு. "மாமா, அங்க பாத்ரூம் இருக்குமா?" என்றாள்.

பதின்மூன்று வயதுப் பெண் ஒரு பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்கிற முதல் கேள்வி அது. ஆனானப்பட்ட கல்லும் கரைந்திருக்கும். பெருமாள்சாமி கரையவில்லை, குஷியானார்.

"ஆறு இருக்கு கண்ணு. கேர்ள்சுக்கு மட்டும். தெனம் ரெண்டு வாட்டி கழுவுறாங்க."

மகளின் முகத்தைப் பார்த்தாள் தனக்கோடி. ஆசை என்றால் இப்படியா ஒரு முகத்தில் விளக்கேற்றும்? அவள் கை தானாக நீண்டு பேனாவை வாங்கியது. ஆமாம், வாங்கினாள். நோட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

"மத்தப் பொண்ணுங்க என்னண்ணே பண்ணும்?" குனிந்தபடியே கேட்டாள்.

"அதுங்களா?" பெருமாள்சாமி இனிப்புப் பெட்டியின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார். "அதுங்க எங்கனா செவுத்தோரம் ஒதுங்கிக்கும். அதுங்களுக்கெல்லாம் பழகிப்போச்சு."

சொல்லிவிட்டு ஒரு மைசூர்பாகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். நெய் மோவாயில் வழிந்தது. அதைப் புறங்கையால் துடைத்து, அதே கையை அவள் வீட்டு நாற்காலியின் கைப்பிடியில் தேய்த்தார்.

தனக்கோடிக்கு அருவருப்பாக இருந்தது. அவரைப் பார்த்து மட்டுமா? இல்லை. பேனாவைப் பிடித்திருந்த தன் விரல்களைப் பார்த்தும்தான். இந்தக் கையெழுத்தைப் போட்டால் நாளை முதல் இளவேனிலும் பதிவேட்டில் ஒரு நாளும் விடுப்பெடுக்காத பிள்ளை. அவளைப் பெற்றவளும் அக்குளில் நோட்டோடு எவள் வீட்டிலாவது போய் உட்காருவாள்.

எழுதத் தொடங்கினாள். பெருமாள்சாமி இளவேனிலிடம் டையின் நிறத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பாதியில் திரும்பி, "இன்னாம்மா, ஒரு கையெழுத்துக்கு ராமாயணமா எழுதற?" என்று சிரித்தார்.

அவள் முடித்துவிட்டு நோட்டை நீட்டினாள். அவர் வாங்கிப் படித்தார். உதடு அசைய, எழுத்தெழுத்தாக.

"மாணவியர் கழிவறை பூட்டியிருக்கிறது. சாவி தலைமையாசிரியையிடம் உள்ளது. ஏழாம் வகுப்பில் யுவன் என்று யாரும் படிக்கவில்லை. தனக்கோடி, பெற்றோர் உறுப்பினர்."

வாயிலிருந்த இனிப்பு அப்படியே நின்றது. பக்கத்தைக் கிழிக்க அவர் கை போனது.

"மேல பாருங்கண்ணே" என்றாள். பக்கத்தின் மேல்மூலையை விரலால் காட்டினாள். "நாப்பத்தி மூணுன்னு செவப்பு மையில நம்பர் இருக்கு, ஆபீஸ் சீலும் இருக்கு. கிழிச்சீங்கன்னா அந்தப் பக்கம் எங்கன்னு நாளைக்கு ஆபீசர் கேப்பாரு. நானும் அங்கதான் இருப்பேன். லீவு சொல்லிட்டேன்."

பெருமாள்சாமி நோட்டை மூடினார். முகத்திலிருந்த அண்ணன் காணாமல் போயிருந்தான். "உம் பொண்ணு வாழ்க்கையில நீயே மண்ணை வாரிப் போட்டுட்ட. அந்த ஸ்கூல்ல அவ எப்படிப் படிக்கிறான்னு நான் பாக்கறேன்."

திரை மறுபடி மூடியிருந்தது. அதன் பின்னாலிருந்து மகளின் அழுகை கேட்டது. அம்மாவுக்காக அழுகிற அழுகையாகத் தெரியவில்லை. அந்த ஆறு கழிவறைகளுக்காக அழுதாள். அதைக் கேட்டுக்கொண்டு நிற்பதுதான் தனக்கோடிக்கு எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது.

பெருமாள்சாமி வாசல்வரை போனார். எதையோ மறந்தவர்போலத் திரும்பி வந்தார். மன்னிப்புக் கேட்கவோ, இன்னும் மிரட்டவோ இல்லை. இனிப்புப் பெட்டியை எடுத்து, பிரித்த நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

அவர் செருப்பை மாட்டிப் படியிறங்குகிறவரை அவள் நின்றாள். பிறகு கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.