நாயிடம் சொன்னது

எங்கள் வீட்டு நாய்க்குப் பேனா மூடியின் சத்தம் தெரியும். காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவதற்கு முன் ஒரு மணி நேரம் எழுதுவேன். அந்த ஒரு மணி நேரமும் அது மேசைக்கு அடியில், என் பாதத்தின் மேல் தாடையை வைத்துப் படுத்திருக்கும். யோசிப்பதற்காகப் பேனாவைக் கீழே வைத்தால் அசையாது. மூடியைப் போட்டு டக்கென்று அழுத்தினால் எழுந்து, உடம்பை நீட்டி முறித்து, ஆணியில் தொங்கும் சங்கிலியைப் பார்க்கும். நடக்கப் போகும் நேரம் என்று அர்த்தம். சில நாள் மூடிய பேனாவை நான் மறுபடி திறந்துவிடுவேன். ஒரு பெருமூச்சோடு திரும்பப் படுத்துக்கொள்ளும்.

எழுதுகிறவர்களுக்கு இதைவிட நல்ல துணை வாய்ப்பது கடினம். என்ன எழுதுகிறாய், யார் படிப்பார்கள் என்று கேட்காது. எழுதியதைச் சத்தமாக வாசித்தால் கேட்டுக்கொள்ளும். வாக்கியம் நீண்டால் கொட்டாவி விடும். அந்தக் கொட்டாவிக்கு மரியாதை கொடுத்து எத்தனையோ வரிகளை வெட்டியிருக்கிறேன்.

இது மலையில் பிறந்த நாய். நாங்கள் குடியிருப்பது அடிவாரத்து ஊரில். மேலே போடிமெட்டுக்கு அப்பால் சரிவில் எங்களுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருக்கிறது. என் கணவர் வாரத்தில் பாதி நாள் அங்கேதான். சிறிய தோட்டம் என்பதால் காய் உலர்த்தச் சொந்தமாக ஸ்டோர் கிடையாது. பக்கத்துப் பெரிய தோட்டத்து ஸ்டோரில்தான் உலர்த்தி எடுப்போம். விறகுச் சூட்டில் இரவும் பகலும் ஏலக்காய் காயும் கட்டடம் அது. மழைக்காலத்தில் அந்தச் சரிவில் சூடாக இருக்கும் ஒரே சுவர் ஸ்டோரின் பின்சுவர். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாய் அந்தச் சுவரை ஒட்டிக் குட்டி போட்டது.

ஸ்டோர்ப் பக்கம் நாய் இருக்கக் கூடாது. முடி பறந்து காயில் ஒட்டும். ஒரு முடி கண்ணில் பட்டாலும் வாங்க வருகிறவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த மூட்டைக்குப் போய்விடுவார். அதனால் அங்கே வேலை செய்யும் பெண்கள், பால் மறந்ததும் குட்டிகளை ஆளுக்கொன்றாகத் தலையில் கட்டினார்கள். மகள் மதுரையில் கல்லூரி விடுதிக்குப் போயிருந்த சமயம். வீடு வெறிச்சென்று கிடந்தது. என் கணவர் ஒரு குட்டியைச் சாக்கில் வைத்து ஜீப்பில் கொண்டுவந்து இறக்கினார்.

“நீ எழுதுறத வாசிச்சா கேக்குறதுக்கு ஒரு ஆளு வேணும்ல,” என்றார். “எனக்குத் தூக்கம் வந்துருது.”

முடிதான் தொல்லை. என் கறுப்புச் சேலையில், திருத்த வைத்த விடைத்தாள்களுக்கு நடுவில், ஒருமுறை மாவுச் சட்டியில்கூட. தினமும் கூட்டி அள்ளும்போது திட்டுவேன். அது வாலை ஆட்டும்.

போன மழைக்காலத்தில் மகள் ஒரு பையோடு விடுதியிலிருந்து வந்து இறங்கினாள். உடம்பு சரியில்லை என்றாள். காய்ச்சல் இல்லை. என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். பிறகு அந்த ஒன்றுமில்லையும் நின்றுவிட்டது. சாப்பிட்டாள், குளித்தாள், அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இயல்பிலேயே நான் பயந்த சுபாவம். மூடிய கதவில் காதை வைத்து, அவள் புரண்டு படுக்கும் சத்தம் கேட்ட பிறகே அடுப்படிக்குப் போவேன்.

ஒருநாள் காலை, எழுதிக்கொண்டிருந்தபோது என் பாதம் குளிர்ந்தது. நாய் எழுந்து போயிருந்தது. மேசையை அப்போது கொல்லைப்புற ஜன்னலை ஒட்டிப் போட்டிருந்தேன். எட்டிப் பார்த்தால், துவைக்கும் கல்லில் மகள் உட்கார்ந்திருந்தாள். எதிரே நாய். அவள் அதனிடம் பேசிக்கொண்டிருந்தாள். எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு அவள் வாயிலிருந்து முழு வாக்கியங்கள் வந்துகொண்டிருந்தன. நாய் ஒரு காதைத் தூக்கியும் ஒரு காதை மடித்தும் கேட்டுக்கொண்டிருந்தது.

சத்தமில்லாமல் ஜன்னலைச் சாத்தியிருக்க வேண்டும். நான் பேனாவைத் திறந்தேன்.

அடுத்தடுத்த நாட்களிலும் அவள் பேசினாள். நான் எழுதினேன். நாயைப் பற்றித்தான் எழுதுகிறேன் என்று என்னையே நம்பவைத்தேன். மனிதர்களிடம் பேச முடியாததை ஒரு நாயிடம் எப்படிப் பேச முடிகிறது, ஒரு நாய் அதை எப்படிக் கேட்கிறது என்று ஒரு கட்டுரை. ‘என் மகள்’ என்று எழுதாமல் ‘வீட்டுப் பெண்’ என்று போட்டேன். அது போதும் என்று நினைத்தேன். ஒரு மாதப் பத்திரிகை அதை வெளியிட்டது. எங்கள் தலைமையாசிரியை அதைப் படம் பிடித்து வாட்ஸப் குழுவில் போட்டார். நான் எழுதியவற்றிலேயே இதுதான் சிறந்தது என்று பலரும் சொன்னார்கள். நாயைப் பற்றி எழுதினால் ஒரு வசதி உண்டு, அது படிக்காது. மகள் படிப்பாள் என்பது எனக்கு எப்படித் தோன்றாமல் போனது என்று இன்றுவரை தெரியவில்லை.

அவளுக்கு அதைச் சொன்னவர் தேவாரம் என்ற ஊரில் இருக்கும் என் நாத்தனார். ஒரு சனிக்கிழமை காலை, நான் சிறப்பு வகுப்புக்குப் போயிருந்த நேரத்தில், நேரே மகளுக்குப் போன் செய்திருக்கிறார்.

“ஏண்டி, நாய்கிட்ட சொல்றத அத்தகிட்ட சொல்லக் கூடாதா? நாங்க என்ன கொரைக்கவா போறோம்?”

பாசத்தோடுதான் கேட்டிருக்கிறார். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது.

பதினொரு மணிக்கு நான் திரும்பியபோது மகளின் அறைக் கதவு திறந்திருந்தது. அது திறந்திருந்ததைப் பார்த்து எனக்கு அப்படிப் பயம் வரும் என்று நினைத்ததில்லை. கட்டில் காலி. மேசை மேல் அவள் போன். பக்கத்தில் அந்தப் பத்திரிகை, என் கட்டுரை வந்த பக்கத்தில் விரித்துக் குப்புறக் கிடந்தது.

என் கணவருக்குப் போன் செய்தேன். தோட்டத்துக்குள் இருந்தால் சிக்னல் கிடைக்காது, கிடைக்கவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். தேனி பஸ், கம்பம் பஸ் என்று ஒவ்வொன்றிலும் ஏறி முகங்களைப் பார்த்தேன். பிறகு ரயில் நிலையம். மதுரை வண்டி மாலையில்தான் என்பது எனக்குத் தெரியும். இருந்தும் போனேன். நடைமேடை முழுக்க வெயில். ஒருவரும் இல்லை.

ரயில் நிலையச் சாலையில்தான் தினமும் நாயோடு நடப்பேன். அங்கே டீக்கடை வைத்திருப்பவர் என்னைப் பார்த்துக் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

“என்ன டீச்சர் இந்நேரத்துல? நாயக் காணோம், ஒத்தையா வந்திருக்கீங்க?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் வீட்டுக்குள் நுழைந்தபோது நாய் ஓடிவரவில்லை. ஆணியில் சங்கிலி இருந்ததா? ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ஆணி மட்டும் இருந்தது.

அந்த வெறும் ஆணிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகையும் வந்தது, கொஞ்சம் மூச்சும் வந்தது. நாயோடு பஸ்ஸில் ஏற முடியாது. ரயிலிலும் முடியாது. நாயைக் கூட்டிக்கொண்டு போகிறவள் அதன் பசிக்கும் தாகத்துக்கும் எங்காவது நின்றுதானே ஆக வேண்டும். நாயை ஏற்றும் வண்டி எது என்று யோசித்ததும் ஜீப் ஸ்டாண்டு நினைவுக்கு வந்தது.

எங்கள் தோட்டத்துக்குச் சாமான் ஏற்றிப் போகும் ஓட்டுநர் அங்கே நின்றிருந்தார்.

“ஆமாக்கா, ஒம்பது மணி லோடு ஜீப்புல நாந்தான் ஏத்திவிட்டேன். நாயெல்லாம் ஏத்துறதில்ல பாப்பான்னேன். மடில வச்சுக்கிறேண்ணே, இல்லன்னா நடந்தே போறேன்னுச்சு. அவங்கப்பாவப் பாக்கத்தான போகுது?”

“ஆமா,” என்றேன்.

“அப்புறம் ஏன் இப்புடி வேர்த்துப் போயி நிக்கிறீங்க? ஏறுங்க. எனக்கும் மெட்டுல ஒரு சோலி இருக்கு. வெரசா போயிரலாம்.”

அடிவாரத்து முந்தலைத் தாண்டி மலையேற்றம் தொடங்கியது. ஒவ்வொரு வளைவிலும் தடுப்புச் சுவருக்கு அப்பால் எட்டிப் பார்த்தேன். என்ன தேடினேன் என்பதை எழுத என்னால் முடியவில்லை. ஓட்டுநர் ஒருமுறை என் கையைப் பார்த்தார்.

“அக்கா, அந்தக் கம்பியப் புடுங்கிறாதீங்க. நாளைக்கு அதுலதான் லோடு கட்டணும்.”

மெட்டைத் தாண்டி மண் பாதையில் இறங்கி, ஸ்டோர் வாசலில் நிறுத்தினார். உள்ளே பெண்கள் உலர்ந்த காயைத் தேய்த்துக் காம்பு நீக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவர், நாய்க்குட்டியை எங்கள் தலையில் கட்டியவர், ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார்.

“வாங்க டீச்சர். புள்ளயத் தேடி வந்தீங்களா, நாயத் தேடி வந்தீங்களா?”

அவர் தோளுக்கு மேல் எட்டி உள்ளே பார்த்தேன்.

“பின்னாடி போய்ப் பாருங்க. ரெண்டும் சொவத்துக்கு முட்டுக் குடுத்து உக்காந்துருக்கு. நாய இங்க விட்டுட்டுப் போறேன், நீங்க பாத்துக்கங்கன்னுச்சு உங்க பொண்ணு. அது எப்படி? ஒரு முடி விழுந்தா எங்களத்தான் வெரட்டுவாங்க. அதெல்லாம் ஆகாது, அப்பா மேக்காட்டுலருந்து வர்ற வரைக்கும் நீயே புடிச்சுக்கிட்டு உக்காருன்னு சொல்லிட்டோம். கட்டன் சாயா குடுத்தோம். குடிச்சுச்சு.”

நாயை விட்டுவிட்டுப் போகிறேன் என்றாளாம். எங்கே போக என்று அவர் கேட்கவில்லை. முடியைப் பற்றி மட்டும்தான் கவலைப்பட்டிருக்கிறார். நான் பின்பக்கம் நடந்தேன்.

அவள் சூடான சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். சங்கிலி மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. அவள் தொடையில் தலை வைத்து நாய் தூங்கிக்கொண்டிருந்தது. நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். அவள்தான் முதலில் பேசினாள்.

“என்னைய எதுக்கும்மா எழுதுன?”

“நாயப் பத்தித்தான் ஆத்தா எழுதுனேன்.”

“நாய் பேசலம்மா. நான்தான் பேசுனேன்.”

இருபத்திரண்டு வருடமாகப் பிள்ளைகளுக்கு வாக்கியம் சொல்லிக்கொடுக்கிறேன். தப்புதான் என்று மட்டும் சொன்னேன். அவள் அதை ஏற்றுக்கொண்டதாகவும் தெரியவில்லை, மறுத்ததாகவும் தெரியவில்லை. நாயின் காதை மடித்து மடித்து விட்டுக்கொண்டிருந்தாள்.

என் கணவர் சேற்றுக் காலோடு வந்து சேர்ந்தார். ஒன்றும் தெரியாத மனிதர்.

“என்ன, குடும்பமே மலையேறியிருக்கு? யாருக்குப் பொறந்த நாளு?”

நாய் எழுந்து அவர் மேல் தாவியது. எங்கள் இருவரின் முகத்தையும் பார்த்த பிறகு அவர் சேற்றைக் கழுவிவிட்டு எங்களோடு கிளம்பினார்.

ஜீப்பில் மலை இறங்கும்போது நாய் எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டு வந்தது. பாதி வளைவுகள் தாண்டியதும் மகள் என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

“நாய்க்கு வாசிச்சுக் காட்டுறேல்ல. இனிமே எனக்கும் வாசிச்சுக் காட்டு. எழுதி அனுப்புறதுக்கு முன்னாடி.”

சரி என்றேன். அன்று வீட்டுக்கு வந்ததும் என் சேலையிலிருந்த நாய் முடியை நான் தட்டிவிடவில்லை.

இப்போது வாரம் ஒருமுறை மதுரைக்கு ஒரு மருத்துவரைப் பார்க்கப் போகிறோம். மெதுவாகத்தான் தேறி வருகிறாள், ஆனால் தேறி வருகிறாள். கல்லூரியைப் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை. நாயை விட்டுவிட்டு அன்று எங்கே போவதாக இருந்தாய் என்று நான் கேட்கவில்லை. அவள் கதவு லேசாகத் திறந்திருந்தாலும் ஆணியில் சங்கிலி இருக்கிறதா என்று போய்ப் பார்க்கிறேன். அப்போதெல்லாம் அந்த ஸ்டோரையும், ஒரு முடிக்காக நாயைச் சேர்க்க மறுத்த அந்தப் பெண்களையும் நினைத்துக்கொள்வேன். தீபாவளிக்கு அவர்களுக்கு முறுக்கு கொடுத்தனுப்பினேன். எதற்கென்று அவர்களுக்குத் தெரியாது. நாய் முடி ஏதும் இல்லையே டீச்சர் என்று சிரித்ததாக என் கணவர் வந்து சொன்னார்.

மேசையைத் தெருப் பக்க ஜன்னலுக்கு மாற்றிவிட்டேன். ஜீப் சத்தமும் ஹாரனும் காதைப் பிளக்கும். கொல்லையில் பேசுவது இங்கே கேட்காது. நாய் பாதி நேரம் என் காலடியில் கிடக்கிறது, பாதி நேரம் துவைக்கும் கல்லுக்குப் போய்விடுகிறது.

இதை இருவருக்கும் வாசித்துக் காட்டினேன். நாய் இரண்டு இடத்தில் கொட்டாவி விட்டது, வெட்டினேன். மகள் என் சிவப்புப் பேனாவை வாங்கி நான்கு இடங்களில் அடித்தாள். அவள் நாயிடம் சொன்னவை எதுவும் இதில் இல்லை. நாயின் பெயரையும் அடித்துவிட்டாள். அது அதோட சொந்த விஷயம் என்றாள்.

இப்போது பேனாவை மூடி டக்கென்று அழுத்திவிட்டேன். நாய் வரவில்லை. கொல்லையில் அவள் இன்னும் பேசி முடிக்கவில்லை போலிருக்கிறது. சங்கிலியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் காத்திருக்கிறேன்.