மாலை போட்ட பையனின் கேள்வி

தொண்ணூறுகளின் நடுவில், சுவருக்குச் சுவர் எய்ட்ஸ் விளம்பரம் எழுதியிருந்த சமயம். ராஜபாளையத்தில் ஒரு பள்ளியில் பதினொன்றாம் வகுப்புப் பையன்களுக்கு வளரிளம் பருவத்து உடலைப் பற்றி வாரம் ஒரு வகுப்பு எடுக்கும் வேலை எனக்கு வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் வேலை பார்த்த தொண்டு நிறுவனத்தில் ஒரு வெளிநாட்டுக் கையேட்டைக் கையில் கொடுத்து, "நம்ம பிள்ளைகளுக்குத் தக்கன மாத்திக்கோங்க" என்றார்கள்.

மாற்றினேன். படத்துப் பையனின் கம்பளிச் சட்டையை அரைக்கைச் சட்டையாக வரையச் சொன்னேன். நடன விருந்தைக் கல்யாண வீடாக்கினேன். பெயர்களை மாற்றினேன். இனி இது நம்ம ஊர்ப் புத்தகம்தான் என்று மெத்தனமாக இருந்தேன். இப்போது நினைத்தால் என்னை நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பெயர் எழுதாமல் கேள்வி போட, பால்கோவா அட்டைப்பெட்டி ஒன்றில் ஓட்டை போட்டு வைத்திருந்தேன். கார்த்திகை மாதம். வகுப்பில் ஏழெட்டுப் பேர் சபரிமலைக்கு மாலை போட்டுக் கறுப்பு வேட்டியில் இருந்தார்கள். அந்த வாரம் ஒரு சீட்டு வந்தது.

"நான் மாலை போட்டிருக்கேன். உறக்கத்துல எனக்குத் தானா வெளியாயிருச்சு. விரதம் கெட்டுப்போச்சா? எங்க அப்பாவும் கூட வாராரு, பெரிய பாதையில. என்னால அவருக்கு ஏதும் ஆயிருமா?"

கையேட்டில் இருந்ததை அப்படியே ஒப்பித்தேன். இந்த வயதில் எல்லோருக்கும் வருவது, நோயில்லை, பலவீனம் இல்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். "விரதத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, மூடநம்பிக்கையை விடுங்க" என்றும் வெடுக்கென்று சொன்னேன். எனக்கு அப்போது வாய் கொஞ்சம் நீளம். கறுப்பு வேட்டிக்காரர்கள் அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அடுத்த வாரம் பெட்டியில் ஒரே ஒரு சீட்டு. அதே கையெழுத்து.

"உறங்காம இருந்தா வராதுல்ல? நாலு நாளா உறங்கல. மலைக்கு இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு."

பன்னிரண்டு நாள் கண்விழித்துவிட்டு அந்தக் காட்டுப் பாதையில் ஏறப்போகிறான் ஒரு பிள்ளை. சீட்டை வகுப்பில் சத்தமாக வாசித்துவிட்டு, "எனக்குத் தெரியலப்பா" என்று சொன்னேன். வாத்தியார் வேலையில் நான் சொன்ன முதல் உண்மை அதுவாகத்தான் இருக்கும்.

நடு பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். பஜாரில் அரிசிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் வீட்டுப் பையன்.

"சார், நான் சொல்லலாமா? எங்களுக்கு நோன்புல இப்படி வந்தா, குளிச்சிரணும். அம்புட்டுத்தான். உறக்கத்துல வந்ததுனால நோன்பு முறியாதுன்னு ஓதுற பள்ளியில ஹஜரத் சொல்லித் தந்திருக்காவ."

குரலில் வெட்கமும் இல்லை, வீம்பும் இல்லை. தொழுகைக்குக் கைகால் கழுவும் முறையைச் சொல்வதுபோலச் சொன்னான். நான் படம் வரைந்தும் பெயர் மாற்றியும் சுற்றிச் சுற்றி வந்ததை, நேராகப் பேசும் வார்த்தைகள் அவனிடம் சின்ன வயதிலிருந்தே இருந்திருக்கின்றன.

கடைசி பெஞ்சில் ஒரு பையன் எழுந்து நின்றான். கழுத்தில் துளசிமணி, கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. யார் எழுதியது என்று யாருக்கும் தெரியக் கூடாது என்றுதான் அந்தப் பெட்டி. அதை அவன் மறந்துவிட்டான், அல்லது அதைவிடப் பெரியதாக இருந்தது அவன் பயம்.

"உங்களுக்குச் சரிலே. எங்களுக்குச் சாமி குத்தம் ஆயிராதா? எங்க அப்பா..." என்றவன் கழுத்து மணியைப் பிடித்துக்கொண்டான்.

நாற்பது பையன்கள் இருந்த வகுப்பு. யாராவது சிரித்துவிடுவார்களோ என்று எனக்கு உயிரே இல்லை. ஒருவனும் சிரிக்கவில்லை.

நேற்றுவரை அவனோடு "வாலே, போலே" என்று பேசிக்கொண்டிருந்த அந்த அரிசிக்கடைப் பையன், அவன் பக்கம் திரும்பிச் சொன்னான்.

"உறங்குறவன் மேல எந்தச் சாமி கோவப்படும்? அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது. குளிச்சிட்டு நல்லா உறங்குங்க, சாமி."