முகத்தை மூடாதவர்

ருக்குமணிக்கு அருவருப்பு சீக்கிரம் வந்துவிடும். கிளாசுக்குள் விரலை விட்டுத் தூக்கிக்கொண்டு வந்த தண்ணீரைக் குடிக்கமாட்டாள். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் நகம் கடித்தால் எழுந்து நின்றுகொண்டே வருவாள். பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாக அவளுக்கு ஒரே வேலை. மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துச் சின்னச் சின்ன மின்பலகைகளைப் பார்க்க வேண்டும். கீறல் விழுந்ததையும் கறை பட்டதையும் பொறுக்கி ரிஜெக்ட் தட்டில் போட வேண்டும். குறை கண்டுபிடிக்கவே சம்பளம் வாங்குகிறவளுக்கு உலகம் சுத்தமாகத் தெரிவது கஷ்டம்தான்.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் சந்திரசேகரன், சுங்கை பினாங்கில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பிள்ளைகள் வேனில் வாந்தி எடுத்தால் முகம் சுளிக்காமல் துடைத்துப் போட்டுவிட்டு, வாந்தி எடுத்த பிள்ளைக்கு ஒரு புளிப்பு மிட்டாயும் கொடுப்பார். வீட்டுக்கு வந்ததும் இரண்டு தடவை கை கழுவச் சொல்வாள். சிரித்துக்கொண்டே கழுவுவார். பதினான்கு பிள்ளைகள் அவர் வேனில் போய்வந்தன.

போன வருடம் ஒரு சனிக்கிழமை, வேனுக்கு டயர் மாற்றப் பிறைக்குப் போனார். டயர் கடைக்குப் பின்னாலிருந்த கிடங்கில் யாரோ திருட்டுச் செம்புக் கேபிளை இறக்கி வைத்திருந்தார்கள். போலீஸ் வந்தது. அங்கே நின்ற ஐந்து பேரையும் அள்ளிக்கொண்டு போனது. நான்கு நாள் தடுப்புக் காவல். நான்காம் நாள், இந்த மனிதர் டயர் மாற்றத்தான் வந்தார் என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்கள். வழக்கு இல்லை, குற்றச்சாட்டு இல்லை. அத்தோடு முடிந்திருக்க வேண்டிய கதை.

ஆனால் முதல் நாள் கோர்ட்டுக்குக் கூட்டிப்போகும்போதே ஒருவன் படம் எடுத்துவிட்டான். ஐந்து பேரும் ஆரஞ்சு லாக்கப் சட்டையில், கையில் விலங்கோடு வரிசையாக நடக்கிறார்கள். நான்கு பேர் சட்டைக் கழுத்தை மூக்குக்கு மேலே இழுத்து முகத்தை மூடியிருக்கிறார்கள். நடுவில் ஒருவர் மட்டும் தலையை நிமிர்த்திக்கொண்டு, கேமராவை நேராகப் பார்த்துக்கொண்டு வருகிறார். அவர்தான் சந்திரசேகரன்.

"நீங்களும் மூடிக்க வேண்டியதுதானே?" என்று அவர் வீட்டுக்கு வந்த அன்றைக்கே கேட்டாள்.

"மடியில கனமில்ல, ருக்கு. வழியில எதுக்குப் பயம்?"

அந்தப் பழமொழி ஆளுக்கொரு கைப்பேசி இல்லாத காலத்தில் உண்டானது. திருடிய நான்கு பேரின் முகமும் ஊருக்குத் தெரியாது. திருடாதவர் முகம் தீவு முழுக்கத் தெரிந்தது.

படத்தைப் போட்டவர் அழகு என்பவர். கைப்பேசிக்கு உறை விற்கும் கடை வைத்திருந்தார். கூடவே ஊர்ச் செய்திப் பக்கம் ஒன்றும் நடத்தினார். காலையில் முருகன் படமும் காலை வணக்கமும், பத்து மணிக்கு மேல் பிடிபட்டவன் படம். 'கேபிள் திருட்டுக் கும்பல் சிக்கியது' என்று தலைப்புப் போட்டிருந்தார். பெயரைக் கீழே எவனோ எழுதிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு புருஷன் பெயரைக் கைப்பேசியில் தட்டினால் முதலில் வந்து நின்றது அந்த ஆரஞ்சுச் சட்டைதான்.

படத்தை நீக்கச் சொல்லி ருக்குமணி அழகின் கடைக்குப் போனாள். குற்றம் சாட்டவில்லை என்று போலீசிடம் ஒரு சூராட், அதாவது கடிதம், வாங்கிவரச் சொன்னார் அழகு. அரைநாள் லீவு போட்டுக் கடிதத்துக்காகப் போலீஸ் நிலையத்தில் காத்திருந்தாள். அங்கே இருந்த அதிகாரி நல்ல மனிதர். கணினியில் தேடிப் பார்த்துவிட்டு, உன் புருஷன் மேல் வழக்கே இல்லையே அம்மா, இல்லாத வழக்குக்கு நான் எப்படிக் கடிதம் எழுதுவேன் என்றார். திரும்பி வந்து அழகிடம் சொன்னாள். கடிதம் இல்லாவிட்டால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று கையை விரித்தார். அடுத்த சனிக்கிழமை முழுக்க அவள் கடை வாசலிலேயே நின்று, வந்த ஆளிடமெல்லாம் இதைச் சொன்னாள். சாயந்திரம் படத்தை நீக்கினார். அதற்குள் அது எல்லார் கைப்பேசியிலும் குடியேறியிருந்தது.

பதினான்கு பிள்ளைகள் ஒன்பதாகி, ஒன்பது மூன்றானது. மூன்றாவது வீட்டு நவமணி தன் ரெட்டைப் பிள்ளைகளை இனி மாமியாரே கூட்டிப்போவார் என்றாள். அந்த மாமியாருக்கு முட்டிவலி, படியிறங்க மாட்டார். அதே நவமணி அந்தப் படத்தை, 'பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று எழுதி, கும்பிடும் கையும் போட்டு, நாலைந்து குழுவுக்கு அனுப்பியிருந்தாள். அதில் ஒன்று ருக்குமணியின் தொழிற்சாலைக் குழு. நெருப்பில்லாமல் புகையுமா என்று கேன்டீனில் ஒருத்தி மெதுவாகச் சொன்னாள், கேட்கவேண்டும் என்றே சொன்னாள்.

ருக்குமணிக்கு இப்போது கிளாசும் நகமும் பெரிதாகத் தெரியவில்லை. மனிதர்களைப் பார்த்தால்தான் குமட்டியது. கோயிலில் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் விரல்தானே இதையும் அனுப்பியது என்று தோன்றும். சந்திரசேகரனோ குனிந்தே நடக்கப் பழகிவிட்டார். ஓய்வு கிடைத்தபோதெல்லாம் அவள் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். முகம் இல்லாத நான்கு பேரையும் பார்த்துப் பார்த்து அவர்கள் கைகள் அவளுக்கு மனப்பாடமாகின. கடைசியில் நின்றவன் மணிக்கட்டில் ஒரு தேள் பச்சை குத்தியிருந்தது. கொடுக்கு வளைய வேண்டிய இடத்தில் வளையாமல் விறைத்து நிற்கும்.

எட்டு மாதம் கழித்துக் கோயிலில் அன்னதானம். வரமாட்டேன் என்றவரை இழுத்துக்கொண்டு போனாள். நீள மேசையில் இலை போட்டிருந்தார்கள். சந்திரசேகரனுக்கு இந்தப் பக்கம் அவள். அந்தப் பக்கம் இரண்டு நாற்காலி காலி. எதிரே உட்கார்ந்த நவமணி, ரெட்டைப் பிள்ளைகளின் இலைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இழுத்த கையோடு, பரிமாறுகிற ஷர்வின் தம்பி எவ்வளவு தங்கமான பையன் பாருங்க என்று பக்கத்தில் சொன்னாள்.

"இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊத்தவா அண்ணே?" என்று அந்தத் தம்பி சந்திரசேகரன் பக்கம் குனிந்தான்.

கரண்டி பிடித்த மணிக்கட்டில் தேள் இருந்தது. கொடுக்கு விறைத்து நின்றது.

ஆறு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்திருந்தான். அது யாருக்கும் தெரியாது, முகம் தெரிந்தால்தானே? ருக்குமணி யோசிக்கவே இல்லை. கைப்பேசியை எடுத்து அவன் முகத்துக்கு நேரே தூக்கினாள்.

கேமராவைப் பார்த்ததும் ஷர்வின் கையிலிருந்த கரண்டி வாளிக்குள் விழுந்தது. அந்தக் கை தானாகவே சட்டைக் கழுத்தைப் பிடித்து மூக்குக்கு மேல் இழுத்தது. கண் மட்டும் தெரிந்தது. தாடைக்குக் கீழே தேள்.

அந்தப் படத்தை நூறு தடவை பார்த்து, இருநூறு பேருக்கு அனுப்பிய சனம்தானே உட்கார்ந்திருந்தது. எல்லாருக்கும் அடையாளம் தெரிந்துவிட்டது. பாயசத்துக்கு நின்ற அழகு கைப்பேசியை உருவினார். பிறகு இன்னொருவர், பிறகு நவமணி. எல்லாவற்றுக்கும் முன்னால், எல்லாவற்றையும்விட உயரத்தில், ருக்குமணியின் கை இருந்தது.

சந்திரசேகரன் பையனைப் பார்க்கவில்லை. எட்டு மாதத்துக்குப் பிறகு தலையை நிமிர்த்தி அவள் கையைப் பார்த்தார்.

"ஃபோனக் கீழ வை, ருக்கு," என்றார். "சோறு போட்டுக்கிட்டிருக்கான் லா."

வைத்தாள். ஷர்வின் வாளியை அங்கேயே விட்டுவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விட்டான்.

அவள் எழுந்து போய்க் குழாயடியில் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். பக்கத்தில் நவமணி வந்து நின்றாள். ஒரு கையில் கைப்பேசி. புதுப்படம் குழுக்களுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"அக்கா, திங்கக்கிழமைலேருந்து ரெட்டைங்கள அண்ணன் வேன்லயே அனுப்பட்டுமா?"

ருக்குமணி இரண்டாம் தடவை சோப்புப் போட்டாள். விரல் இடுக்கெல்லாம் தேய்த்து அலம்பினாள். முகர்ந்து பார்த்துவிட்டு, மறுபடியும் சோப்பை எடுத்தாள்.