குதிகால் படங்கள் இருநூற்றுப் பதினான்கு

அவர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருட சர்வீஸ். கம்பெனியில் அவருக்கு அரைவார்த்தை என்று பட்டப்பெயர். பேச்சைத் தொடங்கினால் பாதியிலேயே நிறுத்திவிடுவார். மிச்சத்தைக் கேட்பவர்தான் முடித்துக்கொள்ள வேண்டும். வேலையில் அப்படி இல்லை. கடைசித் திருகை முடுக்கும்வரை கை எடுக்கமாட்டார். கன்ட்ரோல் பலகையில் ஒயர்களைக் கழற்றும் முன் எது எங்கே இருந்தது என்று போனில் படம் எடுத்துவைத்து, அதைப் பார்த்தே திரும்ப மாட்டுவார்.

மனைவி இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அன்று ஒன்பது மாடிக் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில் நின்று படம் எடுக்கப் போனார். இடம் இல்லை, எதையாவது அழி என்றது போன். மொத்தம் பன்னிரண்டு ஒயர்தானே என்று மனசில் குறித்துக்கொண்டு கழற்றினார். மாட்டியபோது இரண்டு இடம் மாறிவிட்டன. மூடச் சொன்னால் கதவு திறந்தது. உள்ளே ஆள் இல்லாததால் தப்பித்தார். சரிசெய்து முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. முன்பென்றால் ஒரு வாரத்துக்குத் தன்னையே திட்டிக்கொண்டிருப்பார். இப்போது ஒன்றும் உறைக்கவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தார், கடித்தாலும் தெரியாது.

உதிரிபாக ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிற அக்கா அவரைவிட இரண்டு வயது சின்னவள். ஆனாலும் கம்பெனிக்கே அக்கா.

"என்னண்ணே, ஒயரை மாத்திட்டீங்களாமே? நீங்களா?"

"போன்ல இடம்..."

"குடுங்க பாப்போம்." அவள் படங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். "நாலாயிரம் படம் இருக்கு. எந்தக் காலத்து மோட்டாரோ. இதையெல்லாம் வச்சு என்ன பண்ணப்போறீங்க? அழிச்சிடவா?"

அவள் விரல் நின்றது. ஒரு குதிகால். அடுத்த படமும் அதே குதிகால். அதற்கடுத்ததும்.

"அண்ணியோடதா?"

"ம்."

அழிக்கிற பேச்சை அவள் அதற்குமேல் எடுக்கவில்லை. மேஜை இழுப்பறையைக் கிளறி நகக்கண் அளவில் ஒரு மெமரி கார்டை எடுத்து, சிம் போடுகிற தட்டிலேயே அதையும் பொருத்தினாள்.

"ஃபைல்ஸுக்குள்ள போங்க. படத்தையெல்லாம் தேர்ந்தெடுத்து முதல்ல காப்பி போடுங்க. மூவ் வேணாம், பாதியில நின்னா வம்பு. கார்டுல எல்லாம் திறக்குதான்னு பாத்துட்டு அப்புறம் போன்ல அழிங்க. ஓடிட்டிருக்கும்போது கார்டை மட்டும் உருவிடாதீங்க."

சர்க்கரை நோயில் மனைவியின் இடது குதிகாலில் வந்த புண் அது. அவளால் குனிந்து பார்க்க முடியாத இடம். தினமும் கவனியுங்கள் என்று புண் கட்டும் நர்ஸ் சொன்னதை அவர் தன் பாணியில் எடுத்துக்கொண்டார். தினமும் காலை ஏழு மணி, அதே ஜன்னல் வெளிச்சம், அதே தூரம், பக்கத்தில் எஃகு அளவு டேப். வாரம் ஒருமுறை கிளினிக்கில் போனை நீட்டுவார். "என் மூஞ்சியை ஒருநாளாவது இப்படிக் குனிஞ்சு பாத்திருக்கீங்களா?" என்று மனைவி கேட்பாள். "ஆடாதே" என்பார் அவர்.

புண் ஆறிவிட்டது. அதற்கு இரண்டாம் நாள் காலை துணி தேய்த்துக்கொண்டிருந்தவள் விழுந்தாள். இதயம் நின்றுவிட்டது என்றார்கள். அவர் அந்நேரம் ஒரு லிஃப்ட் குழியின் அடியில் இருந்தார். அங்கே சிக்னல் எட்டாது. மேலே ஏறி வந்தபோது பதினோரு மிஸ்டு கால். அதன்பிறகு எல்லா இடத்திலும் கையெழுத்துப் போட்டார், வந்தவர்களை உட்காரச் சொன்னார். அழவில்லை.

வீட்டுச் சமையலறை மேஜையில் போனை வைத்து எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்துக் காப்பி போட்டார். நீலக்கோடு நத்தையாக நகர்ந்தது. முடிந்ததும் கார்டுக்குள் போய் ஒவ்வொரு படமாகத் திறந்தார். மகள் போன மாதம் அம்மா முகம் தெரிகிற படம் ஒன்று அனுப்பச் சொல்லியிருந்தாள். நாலாயிரத்தில் ஒன்றுகூட இல்லை. ஒரு படத்தின் ஓரத்தில் புடவையைத் தூக்கிப் பிடித்த நாலு விரல் இருந்தது, அவ்வளவுதான். குதிகால் படங்களை மட்டும் எண்ணினார். இருநூற்றுப் பதினான்கு. பிறகு போனில் இருந்ததை அழிக்கப் போனார். நிச்சயமாகவா என்று கேட்டது. ஆமாம் என்று அழுத்திவிட்டு, தனக்குள் ஏதாவது வருமா என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். வரவில்லை. எழுந்து போய்த் தம்ளரைக் கழுவினார்.

வியாழக்கிழமை கிளினிக்குக்குப் போனார். புண்ணில் பாரம் விழாமல் நடக்க மனைவிக்கு அங்கே இரவல் கொடுத்திருந்த செருப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. விஷயம் தெரிந்து நர்ஸ் செருப்பை இரண்டு கையாலும் வாங்கி மேஜையில் வைத்தாள்.

"சார், தப்பா நினைச்சுக்காதீங்க. அந்தப் படமெல்லாம் இருக்கா?"

"கார்டுல..."

"புதுசா வந்திருக்கற நர்ஸ் பிள்ளைங்களுக்குப் பாடம் எடுக்கறேன். ஒரு புண்ணை நாள் தவறாம, அளவோட எடுத்த படம் எங்ககிட்டயே கிடையாது. நீங்க சரின்னா மட்டும்தான்."

அவர் அங்கேயே போனின் சிம் தட்டை இழுத்துக் கார்டை எடுத்துக் கொடுத்தார். பக்கத்து அறையில் ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். அவரும் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். சுவரில் குதிகால் ஓர் ஆள் உயரத்துக்கு விரிந்தது. நர்ஸ் படங்களை வரிசையாக ஓடவிட்டாள். நாற்பது மில்லிமீட்டர் அகலப் பள்ளம் முப்பதாகி, இருபதாகி, ஓரத்திலிருந்து வெளிர் தோல் ஊர்ந்து வந்து, கடைசியில் ஒரு கோடாகி மறைந்தது. யாரோ மூச்சை இழுத்துவிட்டார்கள்.

முன்வரிசைப் பெண் திரும்பினாள். "சூப்பர் சார். அம்மா இப்ப நல்லா நடக்கறாங்களா?"

நர்ஸ் வாயெடுப்பதற்குள் அவரே சொன்னார். "இல்லம்மா, செத்துட்டாங்க. இதயம். கால்ல ஒரு குறையும் இல்ல, ரெண்டு நாள் வெறும் காலோட வீடு முழுக்க நடந்தாங்க."

நர்ஸ் படங்களை முதலிலிருந்து மறுபடியும் ஓடவிட்டாள். அவர் முன்வரிசைப் பெண்ணிடம், அடுத்த படத்தில் தோலின் ஓரத்தைக் கவனி என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மகளைக் கூப்பிட்டார்.

"முகம் இருக்கற படம் இல்லம்மா."

"விடுப்பா. சித்திகிட்ட கேக்கறேன். நீ சாப்பிட்டியா?"

"இல்ல."

"ஞாயித்துக்கிழமை வரேன். அம்மா துணியெல்லாம் எடுத்து மடிச்சு வைக்கலாம். அதுவரைக்கும் நீ ஒண்ணும் தொடாத."

"வா," என்றார்.