அரை நிழலுக்கு ஒரு செடி

பாரிசில் வேலி என்றால் முழங்கால் உயரம்தான். லா சப்பலில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் முன்னால், நடைபாதைக்கும் எங்கள் ஜன்னலுக்கும் நடுவே, இரண்டு பாய் விரிக்குமளவு மண் இருந்தது. அதைச் சுற்றி ஒரு கம்பி வேலி. ஆட்டுக்குட்டிகூடத் தாண்டிவிடும். முன்பின் தெரியாத ஆட்கள் நான் வெங்காயம் உரிப்பதைப் பார்த்து 'பொன்ஜூர்' சொல்லிவிட்டுப் போவார்கள். ஊரில் இப்படி ஒருவர் எட்டிப் பார்த்திருந்தால் ஒழுங்கை முழுக்க ஒரு கிழமைக்குக் கதை ஓடியிருக்கும்.

நாங்கள் வந்தபோது அந்த மண்ணில் தடித்த புதர்கள் நின்றன. அந்த வருடக் குளிரில் அவை கருகிப்போக, கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் போர்த்துக்கல்காரி மதாம் தெரேசா வேரோடு பிடுங்கிவிட்டார். அன்றோடு என் நித்திரையும் போயிற்று. என் கணவரிடம் ரெசெப்பிசே என்கிற தற்காலிக அனுமதிப் பத்திரம் இருந்தது. என்னிடம் ஒன்றுமில்லை. அகதியாக விண்ணப்பிக்க ஊரிலிருந்து வரவேண்டிய சான்றிதழ்களுக்காகக் காத்திருந்தோம். அதற்குள் பிடிபட்டால் விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று வந்து போனவர்களெல்லாம் சொல்லி வைத்தார்கள். கணவர் உணவகத்தில் கோப்பை கழுவப் போய்விடுவார். நான் பகல் முழுக்க அந்த மொட்டை ஜன்னலுக்குக் கீழே நிலத்தில் உட்கார்ந்திருப்பேன். சப்பாத்துச் சத்தம் ஒவ்வொன்றும் நெஞ்சுக்குள் நடந்து போகும்.

ஊரில் சண்டைக் காலத்தில் ஒருநாள் ஆமி எங்கள் ஒழுங்கைக்குள் வந்தபோது தங்கையும் நானும் கிடுகு வேலிக்குப் பின்னால், குரோட்டன் செடிகளுக்குள் குந்தியிருந்தோம். வேலியின் அடியில் கறையான் தின்ற இடைவெளி. அதற்குள்ளால் சப்பாத்துகள் தெரிந்தன. நான் தங்கையின் வாயைப் பொத்தினேன், என் வாயையும் பொத்தினேன். சப்பாத்துகள் நின்றன, பிறகு போய்விட்டன. அடுத்த முறை வந்தவர்கள் ஒழுங்கையின் வேலிகள் எல்லாவற்றையும் கொளுத்திவிட்டுப் போனார்கள். மறைப்பு என்றால் எனக்கு உயிர். அது ஆருக்கும் விளங்கப் போவதில்லை.

ஒரு காலை மதாம் தெரேசா கதவைத் தட்டினார். கீழ்மாடியில் இருப்பவர்கள் தங்கள் ஜன்னலுக்கு முன்னால் உள்ள செடியைத் தாங்களே தெரிவு செய்யலாமாம். காலையில் கொஞ்சம் வெயில், பிறகு எதிர்க் கட்டடத்தின் நிழல். அரை நிழலில் வளரும் செடியாகப் பார்க்க வேண்டும், நாளைக்குச் சேர்ந்து போய் வாங்கலாம் என்று கையாலும் பிரெஞ்சாலும் விளக்கினார். எங்கே என்று கேட்டேன். "சித்தே" என்றார். சித்தே மெத்ரோவில் இறங்கித்தான் என் கணவர் பத்திரம் புதுப்பிக்கப் பொலிஸ் தலைமையகத்தில் வரிசையில் நிற்பார்.

"நான் போகமாட்டன். அந்த மனுசி என்னைக் காட்டிக் குடுக்கப் போகுது" என்றேன் கணவரிடம்.

"போகாட்டித்தான் ஏன் எண்டு யோசிக்கும். ஒண்டும் நடக்காது, போயிட்டு வாரும்."

"உங்களுக்கென்ன, பொக்கற்றுக்கை பேப்பர் கிடக்குது."

ஆனாலும் போனேன். இல்லையென்று சொல்லப் பிரெஞ்சும் போதவில்லை, துணிவும் போதவில்லை. சித்தேயில் படியேறி வெளியே வந்ததும் கண்ணில் பட்டது அந்தப் பெரிய கட்டடம், கொடி, வாசலில் நீலச் சீருடை. மதாம் தெரேசாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "பா பொலிஸ், மதாம், பா பொலிஸ்" என்று அழுதுவிட்டேன். பொலிஸ் வேண்டாம் என்பதற்கு எனக்குத் தெரிந்த பிரெஞ்சு அவ்வளவுதான். அவர் திகைத்து என்னையும் அந்த வாசலையும் பார்த்தார். பிறகு என் தோளைத் திருப்பி மறுபக்கம் காட்டினார். "லே ஃப்ளேர்!" அங்கே வரிசையாகப் பூக்கடைகள். பொலிசுக்கு எதிரில் பூச்சந்தை வைக்கிற நாட்டை நான் எங்கே கண்டேன்! மதாம் தெரேசா என் மறுபக்கம் வந்து, எனக்கும் அந்த வாசலுக்கும் நடுவில் நடந்தார்.

கடைக்காரர் ஓர்த்தான்சியாவைக் காட்டினார். பந்து பந்தாக இளஞ்சிவப்புப் பூ, காலை வெயில் போதுமாம். மதாம் தெரேசாவுக்கு அதுதான் பிடித்தது. என் கண்ணோ மூலையில் நின்ற ஓகூபாச் செடியில். மஞ்சள் புள்ளி தெறித்த தடித்த இலை, அசல் எங்கள் குரோட்டன். நிழலுக்கு அஞ்சாது, இலை உதிராது, ஆளுயரத்துக்கு வளரும் என்றார் கடைக்காரர். மதாம் தெரேசா தலையை ஆட்டினார். அது அடர்த்தி, ஜன்னலை அடைத்துவிடும், உன்னை ஒருத்தரும் பார்க்க முடியாது என்றார். "அதுக்குத்தான்" என்றேன் தமிழில். கடைசியில் இரண்டையும் வாங்கினோம். ஓகூபா ஜன்னலோரமாக, ஓர்த்தான்சியா அதற்கு முன்னால், தெருவின் பக்கம்.

கோடையில் ஓர்த்தான்சியா பூத்தது. என் சான்றிதழ்கள் இன்னும் வரவில்லை. ஒரு காலை, தெருவில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, ஓகூபாவுக்குப் பின்னால் குந்தியிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். சப்பாத்துச் சத்தம் நெருங்கி வந்து வேலியருகே நின்றது. இலைகளுக்குக் கீழே பார்த்தேன். கறுப்புச் சப்பாத்து, அதற்கு மேலே நீலக் காற்சட்டை. மூச்சை அடக்கினேன். அவன் பூவைப் பார்த்து, அழகாக இருக்கிறது என்று தனக்குத்தானே சொன்னான். பிறகு கொஞ்சம் குனிந்தான். இலைகளுக்கு நடுவே அவன் கண்கள் நேராக என் கண்களில்.

"பொன்ஜூர், மதாம்."

"பொன்ஜூர்" என்றேன். என் குரல்தான், நடுங்கக்கூட இல்லை. அவன் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போய்விட்டான். தண்ணீர் மண் நிறைந்து நடைபாதைக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் எழும்பவில்லை. என் இடது கை பக்கத்தில் இல்லாத தங்கையின் வாயைப் பொத்தியபடி காற்றில் நின்றது.